நம்பகமான பட்டறை

உக்காருங்க சார். இந்தப் பக்கமா உக்காருங்க, அந்தப் பக்கம் பெஞ்சுல கிரீஸு. சுகுமார் சாப்பிடப் போயிருக்காரு, வந்துருவாரு. அந்த நீலக் காரு உங்களுதா? என்ன கோளாறு? ஒழுகுதா? அட, அப்ப நீங்களும் நானும் ஒரே கேசு. தைரியமா விட்டுட்டுப் போங்க. இந்த வத்தலக்குண்டுல பட்டறைக்கா பஞ்சம்? ஆனா மனுசனுக்கு மரியாதை கொடுக்கத் தெரிஞ்ச பட்டறை இது ஒண்ணுதான்.

எனக்கு ஆளைத் தெரியும் சார். சும்மா பெருமைக்குச் சொல்லல. கோர்ட்டுல பெஞ்சு கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவன். ஜட்ஜுக்கு நேர் கீழ என் நாற்காலி. கூண்டுல ஏறுறவன் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சிரும், இவன் புளுகப் போறான், இவன் உள்ளதைச் சொல்லப் போறான்னு. வக்கீலுங்களே வந்து காதோரமாக் கேப்பாங்க, "நம்ம சாட்சி எப்படிண்ணே?"ன்னு. கண்ணைப் பாப்பேன், சொல்லுவேன். ஒரு தடவைகூடத் தப்பினதில்ல. தப்பியிருந்தா யாராவது வந்து சொல்லியிருப்பாங்கல்ல?

அதோ வேப்பமரத்தடியில நிக்குது பாருங்க வெள்ளைக் காரு, அதான் என்னுது. முன்பக்கம் மட்டும் வேற வெள்ளையாத் தெரியுதா? அதுக்கு ஒரு கதை இருக்கு. உங்களுக்கு அவசரம் ஒண்ணும் இல்லியே?

போன மழைக்காலம் முடிஞ்ச சமயம். காலையில போர்ட்டிகோவைப் பெருக்க வந்த என் சம்சாரம் மரகதம், "என்னங்க, வண்டிக்கடியில என்னமோ ஈரமாக் கெடக்கு"ன்னா. ஏசி தண்ணியா இருக்கும், போ அங்கிட்டுன்னேன். மறுநாள் வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிப்பாட்டினேன். ஈரமும் கூடவே தள்ளி வந்துருச்சு. பின் சக்கரத்துக்கு உள்பக்கமா, உள்ளங்கை அகலத்துக்கு. தொட்டுப் பாத்தேன். தண்ணி இல்ல. வழவழன்னு இருக்கு, ஆனா இஞ்சின் ஆயில் மாதிரி கறுப்பும் இல்ல. மோந்து பாத்தா மீனெண்ணெ மாதிரி ஒரு வாடை.

என் தம்பி குணசேகரன் மாடியில குடியிருந்தான். எங்கப்பா கட்டின வீடு. கீழ நான், மேல அவன், அவன் சம்சாரம், பிள்ளைங்க. ஸ்கூல்ல டிரில் மாஸ்டர். வண்டி என்னுதுதான், ஆனா அதைக் கழுவுறது, டயருக்குக் காத்துப் பாக்குறது எல்லாம் அவன்தான். நான் சொல்லிச் செய்யல சார். அவனாச் செய்வான். இதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்குங்க. யாரும் சொல்லாம, அவனாச் செய்வான்.

அவன் குனிஞ்சு பாத்தான். வெரல்ல தொட்டான். "அண்ணே, பிரேக் ஆயில் மாதிரி இருக்கு. இதை வச்சு ஓட்டக்கூடாது. மெக்கானிக் மாயழகுகிட்டக் காட்டிருவோம்"னான். தொட்ட உடனே என்ன ஆயில்னு சொல்றான் பாருங்க. எனக்குத் தெரியாதது அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது? அன்னைக்கு எனக்கு இது உறைக்கல.

மாயழகு பட்டறை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி. நீங்க போயிராதீங்க. நாங்க போய் நிக்கிறோம், அந்தாளு வாங்கன்னு சொல்லல, உக்காருங்கன்னு சொல்லல. வாயில பீடி. வண்டிக்கடியில பூந்தான். பின் சக்கரத்துக்கிட்ட ஸ்பானரை வச்சு என்னமோ திருகினான். வெளிய வந்து கையைத் தொடைச்சுக்கிட்டே சொல்றான், "வண்டியை விட்டுட்டு ஆட்டோல போ. சக்கரத்துக்குள்ள பிரேக் சிலிண்டர் போச்சு, குழாயும் துருப்பிடிச்சு அரிச்சுக் கெடக்கு. சாமான் மதுரையில இருந்து வரணும். அதுக்குள்ள இதை எடுத்து ஓட்டினேன்னா நீ பொணம்."

நீ! பொணம்! யாரைப் பாத்து? கோர்ட்டுல ஒரு வக்கீல் என்னை ஒருமையில கூப்பிட்டதில்ல சார். மரியாதை தெரியாதவன் கையில தொழில் சுத்தமா இருக்குமா? வண்டியைப் பிடிச்சு வச்சுக்கப் பாக்குறான்னு எனக்கு அப்பவே விளங்கிருச்சு. சாவியைப் பிடுங்கி வண்டியை எடுத்துட்டேன். குணா சன்னல்ல கையை வச்சுக்கிட்டுக் கெஞ்சுறான், "வேணாம்ணே, விட்டுட்டுப் போவோம்"னு. நான் கேக்கலைன்னதும் ஓடி வந்து பக்கத்து சீட்டுல ஏறிட்டான். வீடு வந்து சேர்ற வரைக்கும் ஹேண்ட் பிரேக்குல வச்ச கையை எடுக்கவே இல்ல. ரோட்டையே பாத்துக்கிட்டு வந்தான். எதுக்கு சார் ஒருத்தன் அப்படிக் கையை வச்சுக்கிட்டு வரணும்? அப்புறந்தான் இதையெல்லாம் ஒண்ணா வச்சு யோசிச்சேன்.

அதுக்கப்புறம் வந்து சேந்த இடந்தான் இது. வண்டி நின்ன உடனே சுகுமார் ஓடி வந்து கதவைத் திறந்து விட்டாரு. "வாங்கய்யா, உங்களைக் கோர்ட்டுல பாத்திருக்கேன்"னாரு. காப்பி வந்துச்சு. மின்விசிறியை என் பக்கம் திருப்பி வச்சாரு. மாயழகு சொன்னதைச் சொன்னேன். சிரிச்சாரு. "பயமுறுத்தினாத்தான் அவங்களுக்குப் பொழப்பு ஓடும்ங்கய்யா"ன்னாரு. எனக்கு மனசே லேசாயிருச்சு. அடியில பாத்துட்டு வந்து, "ஒரு நட்டு லூஸா இருந்துச்சு, முடுக்கிட்டேன், ஆயிலும் ஊத்திட்டேன், நீங்க ராஜாவாட்டம் போங்க"ன்னாரு. அவ்வளவுதான் விசயம். இதுக்குப் போயி பொணம்னான் அந்தப் பய.

கொஞ்ச நாள் நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு நாள் காலையில மரகதம் வெளக்குமாத்தோட வந்து நிக்கிறா. என்னன்னு போய்ப் பாத்தா, திரும்பவும் அதே இடத்துல அதே ஈரம்.

சுகுமார்கிட்ட வந்தேன். அடியில போய்ப் பாத்தவரு ரொம்ப நேரம் வெளிய வரல. வந்தவரு என்னைத் தனியாக் கூட்டிட்டுப் போனாரு, அந்தா, அந்த டயர் அடுக்கு இருக்குல்ல, அங்க. குரலைத் தாழ்த்திக்கிட்டு, "ஐயா, நான் சொல்றதைத் தப்பா எடுத்துக்கக் கூடாது. உங்க வீட்ல யாரு யாரு இருக்காங்க?"ன்னாரு.

எதுக்குக் கேக்குறீங்கன்னேன்.

"நான் முடுக்கினா முடுக்கினதுதான்ங்கய்யா. அது தானா லூஸாகாது. வாங்க, நீங்களே பாருங்க"ன்னு டார்ச்சைக் கொடுத்தாரு. இந்த வயசுல நான் தரையில படுத்துப் பாத்தேன் சார். நட்டுமேல பளிச்சுன்னு புதுக் கீறல். ஸ்பானர் போட்ட தடம். மாயழகு ஸ்பானர் போட்டான், இல்லைங்கல. சுகுமாரும் போட்டாரு. ஆனா அவங்க தொழில்காரங்க, அவங்க போட்டது வேற. இது வேற கை. எனக்குப் பாத்த உடனே தெரிஞ்சுது.

வீட்ல யாரு யாருன்னு யோசிக்கிறேன். ஸ்பானர் பிடிக்கத் தெரிஞ்ச ஆம்பளை ஒருத்தந்தானே இருக்கான்? அதுக்கு முந்தின தீபாவளிக்கு அவன் என்கிட்ட வந்து, "அண்ணே, பிள்ளைங்க வளருது. மாடியை என் பேருக்கு எழுதிட்டா ஒரு ரூம் சேத்துக் கட்டிக்குவேன்"னான். பாக்கலாம்டான்னேன். சரிண்ணேன்னு போயிட்டான். கோபப்படல. ஒரு மனுசன் கேட்டது கிடைக்கலைன்னா கோபப்படணுமா இல்லியா? படலைன்னா உள்ளுக்குள்ள வச்சிருக்கான்னுதானே அர்த்தம்?

அன்னையில இருந்து நான் தூங்கல. விடியும் முன்னாடியே எந்திரிச்சுச் சன்னல் திரைக்குப் பின்னாடி நின்னு பாத்தேன். ஒரு நாள் பிடிபட்டான். மாடிப்படி இறங்கி வர்றான், செருப்பு இல்லாம. கையில டார்ச்சு. பானெட்டைச் சத்தம் வராமத் தூக்குறான். மாடிப்படிக்குக் கீழ பழைய சாக்கு கெடக்கும், அதுக்குள்ள இருந்து ஒரு டப்பாவை எடுத்து என்னமோ ஊத்துறான். மூடுறான். அப்புறம் தரையில கெடந்த ஈரத்தைத் துணியை வச்சுத் தொடைக்கிறான். எல்லாம் முடிச்சுட்டு சக்கரத்துமேல சாஞ்சு கொஞ்ச நேரம் உக்காந்திருந்தான். மரகதம் எப்ப வந்து என் பின்னாடி நின்னாளோ தெரியல. "பாவம்ங்க, உங்களுக்குச் சொன்னா ஏறாதுன்னு தெனமும் அவனே ஊத்தி வைக்கிறான்"னா. எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.

அவன் ஸ்கூலுக்குப் போனதும் சாக்கைக் கிளறி அந்த டப்பாவை எடுத்தேன். பிரேக் ஆயில்னுதான் மேல போட்டிருந்துச்சு. மேல போட்டிருந்தா? உள்ள என்ன கலந்திருக்கானோ யாரு கண்டா? கொண்டு போய் வாய்க்கால்ல எறிஞ்சேன். இனிமே ஊத்து பாப்போம்னு.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் எல்லாரும் கீழதான் சாப்பாடு. இலை போட்டாச்சு. நான் கேட்டேன், நேராவே கேட்டேன். "குணா, வண்டியில நட்டை லூஸ் பண்றது நீதானே?"

முதல்ல சிரிச்சான். வெளையாட்டுக்குக் கேக்கிறேன்னு நெனச்சான் போல. அப்புறம் என் மூஞ்சியைப் பாத்தான். "அண்ணே, நானா?"ன்னான். அவ்வளவுதான். வேற ஒண்ணும் சொல்லல. கோர்ட்டுல குத்தவாளி பேச்சில்லாம நின்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும். அவன் சம்சாரம் சோத்துக் கரண்டியைக் கீழ போட்டுட்டு அழுகுறா. பிள்ளைங்களை மேல போகச் சொன்னான். கையைக் கழுவிட்டு வந்து நின்னான். "சாவியைக் குடுண்ணே. மாயழகுகிட்டக் கொண்டு போறேன். உள்ள என்ன போயிருக்குன்னு கழட்டி உன் கையில குடுக்கச் சொல்றேன். நீயும் வா, உன் கண்ணால பாரு"ன்னான்.

"நான் வரல. நீயே ஓட்டிட்டுப் போ"ன்னு சாவியை மேசைமேல வச்சேன்.

ஏன் வச்சேன்னு கேளுங்க. குறுக்கு விசாரணை சார் அது. நட்டை லூஸ் பண்ணினவன் அந்த வண்டியில ஏறுவானா? ஏற மாட்டான். கையும் களவுமாப் பிடிச்சிரலாம். எத்தனை வக்கீலைப் பாத்திருக்கேன். மரகதம் குறுக்க வந்து, "தம்பி, வேணாம்ப்பா, நடந்து போய் அந்தாளைக் கூட்டிட்டு வா"ன்னா. அவன் என்னையே பாத்துக்கிட்டு நின்னான். நானும் அவனையே பாத்தேன்.

சாவியை எடுத்துக்கிட்டான்.

மார்க்கெட் தாண்டி வாய்க்கால் பாலத்துக்கு ஒரு இறக்கம் வரும் பாருங்க, அங்கதான். ஞாயித்துச் சந்தை. பொம்பளைங்க கூடையோட ரோட்டைத் தாண்டிக்கிட்டிருந்திருக்காங்க. அவன் விடாம ஹாரன் அடிச்சுக்கிட்டே வந்தான்னு பாத்தவங்க சொன்னாங்க. கையைச் சன்னலுக்கு வெளிய நீட்டி ஓரம் போ, ஓரம் போன்னு கத்தினானாம். ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பாத்திருக்கான், பிடிக்கல. கூட்டத்துக்குள்ள விடாம ஸ்டியரிங்கை ஒடிச்சுப் பாலத்துச் சுவர்ல கொண்டு போய் மோதிட்டான். வேற யாருக்கும் ஒரு கீறல் இல்ல. அந்தக் கூடைக்காரி ஒருத்தி ஆஸ்பத்திரி வரைக்கும் வந்து மாரில அடிச்சுக்கிட்டு அழுதா. அவளுக்கு இவன் யாருன்னே தெரியாது.

மதுரைக்குக் கொண்டு போனோம். பொழுது சாயுற வரைக்கும் இருந்தான். கடைசியா நான் கிட்டப் போய் நின்னப்போ கண்ணைத் தொறந்தான். என் கையைப் பிடிக்கப் பாத்தான், முடியல. "ஏறாதண்ணே. அந்த வண்டியில நீ ஏறாதண்ணே"ன்னான். ரெண்டு தடவை. அப்புறம் இல்ல.

மரண வாக்குமூலம் சார். அதுக்குச் சட்டத்துல மதிப்பே தனி. சாகப்போறவன் பொய் சொல்ல மாட்டான்னுதான் அதை எடுத்துக்கிறாங்க. என்ன சொன்னான்? ஏறாதேன்னான். வண்டியில என்ன பண்ணி வச்சிருக்கோம்னு தெரிஞ்சவன்தானே அப்படிச் சொல்ல முடியும்? தெரியாதவன் சொல்லுவானா? அங்க நின்னு கேட்ட அத்தனை பேரும் அழுகுறாங்க, ஒருத்தருக்கும் இது புரியல. எனக்கு ஒருத்தனுக்குத்தான் புரிஞ்சுது.

ஒரு விசயம் சொல்றேன், மறைக்க மாட்டேன். காரியமெல்லாம் முடிஞ்சு தனியா உக்காந்திருந்தப்போ எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. ஏறிட்டானே. அவன்தான் பண்ணினான்னா எப்படி ஏறினான்? இந்தக் கேள்வி வந்துச்சுன்னா சாப்பாடு இறங்காது. இதே பெஞ்சுல உக்காந்து சுகுமார்கிட்டக் கேட்டேன். "ஐயா, அவருக்குத்தான் வண்டி எவ்வளவு தாங்கும்னு கணக்குத் தெரியுமே. மெதுவாப் போய்ச் சேந்துரலாம்னு நெனச்சிருப்பாரு. கணக்குத் தப்பிருச்சு"ன்னாரு. எவ்வளவு சரியாச் சொன்னாரு பாருங்க! அன்னைக்கு ராத்திரிதான் தூங்கினேன். இந்த மாதிரி மனசைக் குளிர வைக்கிற மெக்கானிக் எங்க சார் கிடைப்பான்?

வண்டியை வித்துருங்கன்னு சொந்தக்காரங்க பூரா சொன்னாங்க. நான் ஏன் விக்கணும்? வித்தா ஊர் என்ன பேசும்? பெரியவனுக்கு மனசு உறுத்துது, அதான் வித்துட்டான்னு பேசும். சுகுமார்தான் முன்பக்கத்தைப் பூரா மாத்திக் கொடுத்தாரு. வெள்ளை மட்டும் ஒத்து வரல. பின்பக்கம் அவரு கை வைக்கல, அடி படாத இடத்தை எதுக்குக் கழட்டணும்னாரு. நியாயந்தானே? வேற ஆளா இருந்தா அதையும் கழட்டியிருப்பான்.

தம்பி சம்சாரம் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு நிலக்கோட்டைக்கு அவங்கம்மா வீட்டுக்குப் போயிட்டா. மாடி பூட்டிக் கெடக்கு. சாவி என் இடுப்புல. இனிமே நிம்மதின்னு இருந்தேன்.

இந்த வாரம் திரும்பவும் ஈரம், சார்.

அதே இடம். அதே வாடை. மிதிச்சா பெடல் பாதிக்குமேல உள்ள போகுது. மேல யாரும் இல்ல. வெளிக் கேட்டு நான்தான் பூட்டுறேன். அப்ப யாரு? நீங்களே சொல்லுங்க. வீட்டுக்குள்ள இருக்கிறது ரெண்டே பேரு.

குணாவுக்கு விவரம் தெரியாத வயசுல எங்கம்மா தவறிட்டாங்க. மரகதம் கல்யாணமாகி வந்ததுல இருந்து அவனுக்குத் தலை சீவி விட்டதும் சோறு ஊட்டினதும் அவதான். அவ வயித்துல பொறக்கலையே தவிர, பிள்ளை மாதிரி. அவன் போனதுல இருந்து என்கிட்ட அவ பேசுறதில்ல. சோறு வைப்பா, தண்ணி வைப்பா, போயிருவா. நேத்து அடுப்படியில பாத்தா மிளகாத்தூள் டப்பாவுக்குப் பக்கத்துல ஸ்க்ரூ டிரைவர். எதுக்குடின்னா, குக்கர் கைப்பிடி ஆடுதுன்னா. குக்கரைப் பாத்தேன். ஆடத்தான் செஞ்சுது. ஆனா அதை யாரு ஆட விட்டது?

எம் பொண்ணு தேன்மொழியை மலைமேல தாண்டிக்குடியில கட்டிக் கொடுத்திருக்கு. முழுகாம இருக்கா, இது ஒன்பதாம் மாசம். பிரசவத்துக்கு நான்தானே கூட்டிட்டு வரணும். "நீ வராதப்பா, மாப்பிள்ளை ஒரு வண்டி பேசி என்னை அனுப்பி வைக்கிறாரு"ன்னு அழுகுறா போன்ல. அவங்கம்மா சொல்லிக் கொடுத்திருக்கா. சொந்தக் காரு இருக்கையில புள்ளத்தாச்சிப் பொண்ணு வாடகை வண்டியில வந்து இறங்கினா எனக்கு என்ன மரியாதை? காலையில கிளம்பலாம்னு பாத்தா மரகதம் கேட்டைச் சாத்தி அதுக்கு முன்னாடி உக்காந்துட்டா. "என்னை ஏத்திட்டுப் போங்க, நான் செத்தா சாகுறேன், அவளை ஏத்தாதீங்க"ன்னா. அவ வாயால வருது பாருங்க, செத்தா சாகுறேன்னு. வண்டியில என்ன இருக்குன்னு தெரியாமலா சொல்றா? அவளைத் தூக்கி ஓரமா உக்கார வச்சுட்டு நேரா இங்க வந்தேன். சுகுமார் பாத்துட்டாரு. முடுக்கியாச்சு, ஆயில் ஊத்தியாச்சு. மலைப்பாதை தாங்குமான்னு கேட்டேன், தாராளமாப் போகலாம்ங்கய்யான்னாரு. வந்து சாவியைக் கொடுத்தா நான் கிளம்ப வேண்டியதுதான். வெளிச்சம் இருக்கையிலேயே அவளைக் கூட்டிட்டு இறங்கிறணும். வளைவு அதிகம்.

என்ன சார்? ஏன் எந்திரிச்சுட்டீங்க?

சொல்லுங்க. ம். ம். இல்ல சார், அது உங்களுக்குத் தெரியாது. நட்டுதான். சிலிண்டர் இல்ல. யாரு சொன்னது சிலிண்டர்னு? நான் சொன்னேனா? மாயழகு சொன்னதாத்தான் சொன்னேன். நீங்க ஏன் அவன் சொன்னதையே திருப்பிச் சொல்றீங்க?

உங்க வண்டியில கூட்டிட்டுப் போறீங்களா? எதுக்கு? ஒழுகுதுன்னு சொன்னீங்க. ஓ, உங்களுக்கு ஒழுகுறது வெறும் ரேடியேட்டர் தண்ணியா? நீங்க எதுக்கு சார் முன்பின் தெரியாதவன் பொண்ணை மலைமேல இருந்து கூட்டிட்டு வரணும்? இவ்வளவு அக்கறை எங்க இருந்து வந்துச்சு? நீங்க எந்த ஊருன்னு சொல்லவே இல்லியே. நிலக்கோட்டையா?

என் கண்ணைப் பாத்துப் பேசுங்க சார்.

வாங்க சுகுமார். சாப்பிட்டாச்சா? சாவியைக் கொடுங்க. இவரைத் தெரியுமா உங்களுக்கு? தெரியாதா? அதானே பாத்தேன். பாத்து இருந்துக்குங்க. யாரோ அனுப்பி வந்திருக்காரு.

தள்ளி நில்லுங்க சார். வண்டிக்கு முன்னாடி வந்து நின்னா எப்படி? காலையில அவதான் அப்படி உக்காந்தான்னா நீங்களுமா? கையை எடுங்க. கதவுல இருந்து கையை எடுங்க சார். எம் பொண்ணு அங்க பையெல்லாம் கட்டி வச்சுட்டு வாசல்ல உக்காந்திருப்பா.